நர்சிங் மாணவியும் ஆய்வும்: வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

பி.எஸ்சி. நர்சிங் படிக்கும்போதே ஆய்வில் ஈடுபடலாம் என்று சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது நாங்கள் இன்னும் வட ஆற்காடு என்றே சொல்லிப் பழகிய பகுதியிலிருந்து, வந்த கடிதங்களே இந்த முறை மிகுதி. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் வேலூரில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அம்மா பீடி சுற்றுகிறார். அப்பா லுங்கித் தறி ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான்தான். எங்கள் ஆசிரியை ஒருவர், தம்முடைய ஆய்வுக்குத் தகவல் சேகரிக்க வருகிறாயா என்று கேட்டார். ஆசையாக இருக்கிறது. ஆனால், "ஆராய்ச்சியெல்லாம் டாக்டர்கள் வேலை, இப்போதே போய் மாட்டிக்கொள்ளாதே" என்கிறார்கள் தோழிகள். என் ஆங்கிலமும் சுமார்தான். சேரலாமா?
மூன்றாம் ஆண்டு மாணவி, குடியாத்தம்

பதில்: சேருங்கள். யோசிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் தோழிகள் சொல்லும் காரணம் அவற்றில் இல்லை.

நோயாளியின் பக்கத்தில் இரவும் பகலும் மாறி மாறி இருப்பவர்கள் நாம். வலி எந்த நேரத்தில் கூடுகிறது, எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் மூச்சு சீராகிறது, கொடுத்த மாத்திரையை விழுங்கினாரா, தலையணைக்கு அடியில் ஒளித்தாரா என்பதெல்லாம் ரவுண்ட்ஸ் வந்துபோகும் சில நிமிடங்களில் மருத்துவருக்குத் தெரிவதில்லை, நமக்குத் தெரிகிறது. அப்படிக் கண்டதை எண்ணியும் அளந்தும் எழுதி வைத்து, இது உண்மைதானா, எனக்கு மட்டும் இப்படித் தோன்றுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதற்குத்தான் ஆய்வு என்று பெயர்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் எனக்கு மெடிக்கல் வார்டில் போஸ்டிங். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் அங்கே நிறைய இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று மருத்துவர் எழுதியிருப்பார். உள்ளே போனதும் வெளியே வந்ததும் இன்டேக் அவுட்புட் சார்ட்டில் ஏற வேண்டும். சிறுநீரை அளவுக் குவளையில் ஊற்றி மில்லி கணக்கில் எழுதுவோம். குடித்ததை மட்டும், கூட இருக்கும் உறவினரிடம் "எத்தனை தம்ளர் கொடுத்தீங்க?" என்று கேட்டு, தம்ளருக்கு 200 மில்லி என்று பெருக்கிப் போட்டுவிடுவோம். ஒரு நாள் மாலை, அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வந்து படுத்திருந்த ஒரு பாட்டியின் தலைமாட்டில் இருந்த எவர்சில்வர் தம்ளரை நகர்த்தி வைக்க எடுத்தேன். ஒரு கைக்குள் அடங்கவில்லை. அடுத்த கட்டிலில் இருந்ததோ காபிக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தம்ளர். சார்ட்டில் இரண்டுமே 200.

ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். "அளந்து பாரேன்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வார்டு சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு வாரம் தினமும் மாலையில் ஒவ்வொரு கட்டிலுக்கும் போய், வழக்கமாக எவ்வளவு ஊற்றிக் கொடுப்பார்களோ அவ்வளவே ஊற்றச் சொல்லி, அதை அளவுக் குவளைக்கு மாற்றிக் குறித்துக்கொண்டேன். இருப்பதிலேயே சிறிய தம்ளர் 120 மில்லியைத் தாண்டவில்லை. பெரியது 300ஐக் கடந்தது. பாட்டிக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று விதித்து, ஐந்து தம்ளர் என்று நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். உண்மையில் அவர் ஒன்றரை லிட்டர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய கால் வீக்கம் ஏன் வடியவில்லை என்று ரவுண்ட்ஸில் எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை.

அந்த வாரத்தில் நான் செய்த தவறையும் சொல்லத்தான் வேண்டும். இரண்டு நாள் மாலை, ஆரணியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்து, அந்த இரண்டு நாளுக்கும் உத்தேசமாக எண்களை எழுதி நிரப்பினேன். நோட்டைப் புரட்டிய ஆசிரியை ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மற்ற நாட்களில் 185, 235, 128 என்று இருந்த எண்கள் அந்த இரண்டு நாளில் மட்டும் 200, 250, 150 என்று வட்டமாக இருந்தன. "இந்த ரெண்டு நாள் யாரும்மா அளந்தது?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இரண்டு பக்கங்களையும் நானே அடித்து, "ஏழு நாளில் ஐந்து நாள் மட்டுமே அளக்கப்பட்டது" என்று அறிக்கையில் எழுதினேன். நீங்கள் செய்யப்போவதும் தகவல் சேகரிப்பு என்பதால் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். விடுபட்டதை விடுபட்டது என்று எழுதும் துணிவு வந்துவிட்டால், ஆய்வுக்கு வேண்டியதில் பாதி உங்களிடம் வந்துவிட்டது. ஆங்கிலத்தைப் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

நம் ஊரிலேயே இதற்குப் பெரிய முன்னுதாரணங்கள் உண்டு. 1946இல் வேலூருக்கு வந்து தொழுநோயாளிகளிடையே பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்டு, தொழுநோய் தானாகவே விரல்களை அழுகச் செய்வதில்லை, உணர்ச்சி மரத்துப்போவதால் ஏற்படும் காயங்களே விரல்களை அழிக்கின்றன என்பதை நிலைநாட்டியவர். இரவில் நன்றாக இருந்த விரலில் காலையில் ஒரு பகுதியைக் காணோம் என்று சில நோயாளிகள் வந்தபோது காரணம் விளங்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து பார்த்தார்கள். எலி வந்து கடித்துக்கொண்டிருந்தது. மரத்துப்போன கை என்பதால் தூங்குகிறவருக்குத் தெரியவில்லை. அதன்பின் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்குப் பூனையும் கொடுத்து அனுப்பினார்கள். இரவில் கண் விழித்துப் பார்ப்பது யாருடைய வேலை என்பதை உங்கள் தோழிகளிடமே கேளுங்கள்.

மாணவப் பருவம் மிகவும் முந்தியது என்று யாராவது சொன்னால் நிர்மலாவை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் கொடுத்த தலைப்பில் எச்.ஐ.வி. இருக்கிறதா என்று பார்க்க, தம் ஆய்வேட்டுக்காக 200 இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். சோதிக்கும் வசதி அப்போது சென்னையில் இல்லை. 1986 தொடக்கத்தில் அவற்றைக் குளிர்பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவந்தார். சோதனையில் ஆறு மாதிரிகள் நிறம் மாறின; கிருமி இருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரியவந்தது அப்போதுதான். நிர்மலாவும் அப்போது உங்களைப் போல ஒரு மாணவிதான்.

ஆய்வு உங்கள் படிப்புக்கு வெளியே உள்ள ஒன்றும் அல்ல. 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கி, 1946இலேயே நாட்டில் முதன்முதலாக நர்சிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய இடங்களில் ஒன்று வேலூர். இந்திய நர்சிங் கவுன்சில் 2021இல் வெளியிட்ட பாடத்திட்டத்தில் ஏழாம் பருவத்தில் (செமஸ்டரில்) நர்சிங் ஆய்வும் புள்ளியியலும் ஒரு பாடமாகவே இருக்கிறது. அடுத்த ஆண்டு மனப்பாடம் செய்யவேண்டியதை இந்த ஆண்டே கையால் செய்து பார்க்கப்போகிறீர்கள்.

இனி, யோசிக்க வேண்டியவை. சேருமுன் ஆசிரியையிடம் கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆகும், மாதிரித் தேர்வும் பருவத் தேர்வும் வரும் வாரங்களில் விடுப்பு உண்டா, பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதபடி ஆய்வுகளைச் சரிபார்க்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வந்துவிட்டதா? ஆய்வுத் திட்டத்தை ஒருமுறை முழுதாகப் படிக்கக் கேளுங்கள். புரியாத சொற்களை அடிக்கோடிட்டுக்கொண்டு அரை மணி நேரம் அவருடன் உட்கார்ந்தால் ஆங்கிலம் தானாகக் கொஞ்சம் பிடிபடும். எதற்காகச் சேகரிக்கிறோம் என்று தெரியாமல் வெறுமனே படிவம் நிரப்புவது மட்டும்தான் வேலை என்றால், அதற்கு ஒரு மாணவி தேவையில்லை. அப்போது மரியாதையாக மறுத்துவிடலாம்.

கேள்வி: நான் தோல் ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். என் மகள் நர்சிங் படிக்கிறாள். ஆய்வு என்று சொல்லி சனிக்கிழமைகளில் கிராமம் கிராமமாக வீட்டுக் கதவைத் தட்டிக் கேள்வி கேட்கப் போகிறாள். இது அவசியம்தானா? வெளிநாட்டு வேலைக்கு உதவுமா?
ஒரு தகப்பனார், ஆம்பூர்

பதில்: ஐயா, நேராகவே சொல்கிறேன். வெளிநாடு செல்ல எழுதும் என்கிளெக்ஸ், ஓஇடி போன்ற தேர்வுகளில் 'இளநிலையில் ஆய்வு செய்தாயா' என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கில் மட்டும் பார்த்தால் உதவாது. எம்.எஸ்சி. சேரவோ, ஆசிரியப் பணிக்கு வரவோ, மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாடு போன்ற தனிப் பொறுப்புகளுக்குப் போகவோ நினைத்தால் இந்த அனுபவம் நன்றாகக் கைகொடுக்கும்.

உங்கள் கவலையில் பாதி, பெண் பிள்ளை வெளியே சுற்றுகிறதே என்பதுதான் என்று புரிகிறது. அந்தக் கவலையை நான் லேசாக எண்ணவில்லை. இருவர் இருவராகப் போகிறார்களா, உள்ளூர்க் கிராம சுகாதாரச் செவிலியருக்கோ அங்கன்வாடிப் பணியாளருக்கோ முன்கூட்டியே தெரிவித்திருக்கிறார்களா, இருட்டுவதற்கு முன் கல்லூரி வண்டியிலேயே திரும்புகிறார்களா என்று கல்லூரியில் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. பதில் திருப்தியாக இருந்தால் போகவிடுங்கள். திரும்பி வந்ததும், எந்த ஊர், யாரைப் பார்த்தாய், என்ன சொன்னார்கள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேளுங்கள். பெயர் சொல்லமாட்டாள், சொல்லக்கூடாது என்று கற்றுக்கொடுத்திருப்போம். மற்றதைச் சொல்வாள்.

கேள்வி: இறுதியாண்டில் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஆய்வு செய்ய வேண்டும். சீனியர்கள் எல்லோரும் 'இன்ன நோயைப் பற்றிய அறிவு', 'திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயன்' என்றே செய்திருக்கிறார்கள். நாங்களும் நோயின் பெயரை மட்டும் மாற்றிச் செய்துவிடலாமா? வேறு தலைப்பு எங்கே கிடைக்கும்?
இறுதியாண்டு மாணவிகள், காட்பாடி

பதில்: செய்துவிடலாமா என்று கேட்டதிலேயே உங்களுக்கு அதில் மனமில்லை என்று தெரிகிறது. எனக்கும் இல்லை. முப்பது கேள்வி கொண்ட வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் போட்டு, அரை மணி நேரம் பட விளக்கத்தோடு பாடம் நடத்தி, ஏழாம் நாள் அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். கூடாவிட்டால்தான் ஆச்சரியம். பாடம் கேட்ட தாய், தன் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது உப்புச் சர்க்கரைக் கரைசல் கரைத்துக் கொடுத்தாரா என்பது அதிலிருந்து தெரியாது. நம் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக இத்தகைய ஆய்வேடுகள் அடுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. அந்தப் பிள்ளைகளின் உழைப்பு பொய் இல்லை. கேள்விதான் அவர்களுடையதாக இல்லை.

தலைப்பு வார்டில் கிடைக்கும், வீட்டிலும் கிடைக்கும். குழந்தையை இழந்த தாய்க்கோ, ஏதோ காரணத்தால் பாலை நிறுத்தவேண்டிய தாய்க்கோ, மார்பில் மல்லிகைப் பூவைக் கட்டி வைப்பது நம் பாட்டிமார் வழக்கம் அல்லவா? படித்தவர்கள் பலர் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருப்பார்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் அதை ஒதுக்கவில்லை; கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் இல்லை. புரோமோகிரிப்டின் என்ற மாத்திரையோடு மல்லிகைப் பூவை ஒப்பிட்டுப் பார்த்து, முடிவுகளை 1988இல் வெளியிட்டார்கள். பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனின் அளவு இரத்தத்தில் இரண்டு முறையிலுமே குறைந்தது. மாத்திரையில் அதிகம் குறைந்தது. மார்பு கட்டிக்கொள்வது, பால் சுரக்கும் அளவு, வலி மாத்திரையின் தேவை ஆகியவற்றில் பூவும் மாத்திரைக்கு ஈடாகவே இருந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகவே செய்துகொள்ள வேண்டாம்; மருத்துவரைக் கேட்டே ஆக வேண்டும். நான் காட்ட விரும்புவது அந்தக் கேள்வி பிறந்த இடத்தைத்தான்.

உங்களுக்கு எட்டும் தூரத்தில் இன்னும் எவ்வளவோ இருக்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மே மாதத்தில் மின்விசிறி எட்டாத கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியும் மின்விசிறிக்கு நேர்கீழே இருப்பவரும் ஒரே அளவு தண்ணீர்தான் குடிக்கிறார்களா? ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளில் கையுறை கொடுக்கப்பட்டும் தொழிலாளர்கள் ஏன் கழற்றி வைத்துவிடுகிறார்கள்? வேர்வையா, வேகம் குறைகிறது என்பதா, அளவு பொருந்தாததா? பீடி சுற்றும் பெண்கள் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கிறார்கள், அவர்களுடைய கழுத்து வலிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா? நகர முடியாத நோயாளிக்குப் படுக்கைப்புண் வரும் ஆபத்தை மதிப்பிட 1987 முதல் பிரேடன் அளவுகோல் புழக்கத்தில் இருக்கிறது. 6 முதல் 23 வரை மதிப்பெண். எண் குறையக் குறைய ஆபத்து கூடுதல். ஒரே நோயாளிக்கு உங்கள் ஐவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் மதிப்பெண் போட்டால், ஐந்தும் ஒத்துவருமா? வராவிட்டால் எந்த இடத்தில் முரண்படுகிறது? இதற்கு மருந்தோ கருவியோ பெரும் செலவோ தேவையில்லை. ஆனால் விடை கிடைத்தால் மறுநாளே வார்டில் ஒரு வேலையை மாற்றிக்கொள்ளலாம்.

தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது நான் மாணவிகளிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: விடை ஆம் என்று வந்தால் யார் என்ன செய்வார்கள், இல்லை என்று வந்தால் யார் என்ன செய்வார்கள்? இரண்டுக்கும் ஒரே பதில் வந்தால் அந்தத் தலைப்பை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஆய்வுக்காக ஒரு வயதான அம்மாவிடம் ஒப்புதல் படிவம் கொடுத்தேன். நான் விளக்கத் தொடங்குவதற்கு முன்பே, "எங்க கண்ணு கைநாட்டு வைக்கணும்?" என்று கட்டைவிரலை நீட்டிவிட்டார். நானும் வாங்கிக்கொண்டேன். அன்றிலிருந்து மனம் உறுத்துகிறது. நான் செய்தது தவறா?
மாணவி, திருப்பத்தூர்

பதில்: தவறுதான், ஆனால் திருத்திக்கொள்ளக் கூடிய தவறு. உறுத்துகிறது என்று எழுதினீர்களே, அந்த உறுத்தல் உங்களிடம் இருக்கட்டும்.

அந்த அம்மா கட்டைவிரலை நீட்டியது உங்கள் ஆய்வுக்கு அல்ல, உங்கள் வெள்ளைச் சீருடைக்கு. ஊசி போடுபவளும் நீதான், படுக்கையை மாற்றுபவளும் நீதான், நீ கேட்டு நான் மறுத்தால் நாளைக்கு என்னை யார் கவனிப்பார்கள் என்ற நினைப்பு அவருக்குச் சொல்லாமலே உள்ளே இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும், மறுத்தாலும் பாதியில் விலகினாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது என்று தெரிவிக்க வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும் என்று சொல்கின்றன. கைநாட்டு மட்டும் ஒப்புதல் ஆகிவிடாது.

நான் கடைப்பிடித்து வந்த முறையைச் சொல்கிறேன். நம் பராமரிப்பில் உள்ள நோயாளியிடம் நாமே ஒப்புதல் கேட்பதில்லை. வேறு வார்டில் பணிபுரியும் தோழியைக் கேட்கச் சொல்வோம். கட்டிலருகே நின்றுகொண்டு கேட்பதில்லை. ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, முகம் முகத்துக்கு நேராக இருக்கும்படி பேசுவோம். விளக்கி முடித்ததும், "புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். அதனால், "நான் என்ன கேட்டேன்னு உங்க மகள்கிட்ட சொல்ற மாதிரி எனக்கு ஒரு தடவை சொல்லுங்களேன்" என்போம். ஒருமுறை ஒரு பெரியவர், "என் இரத்தத்தை எடுத்து வேறொருத்தருக்குக் கொடுக்கப் போறீங்க" என்றார். நாங்கள் கேட்டதோ அவர் தூங்கும் நேரத்தைப் பற்றி மட்டும்தான். அன்று அப்படிக் கேட்டிராவிட்டால் அந்தப் பயத்தோடே கையெழுத்துப் போட்டிருப்பார்.

மொழியையும் மறந்துவிடாதீர்கள். நம் பகுதியில் ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து உருது பேசுகிறவர்களும், சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கு பேசுகிறவர்களும், வேலூர் நகரத்துக்கே வங்காளத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்களும் வார்டில் இருப்பார்கள். தமிழ்ப் படிவத்தை வைத்துக்கொண்டு சைகையில் சமாளிப்பது ஒப்புதல் ஆகாது. மொழிபெயர்த்த படிவம் இல்லையென்றால் அவர்களை ஆய்வில் சேர்க்காமல் விடுவதும், விட்டதை அறிக்கையில் எழுதுவதும்தான் நேர்மை.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது: வழிகாட்டியிடம் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த அம்மா இன்னும் வார்டில் இருந்தால் மீண்டும் போய், இந்த முறை முழுதாக விளக்கி, வேண்டாம் என்று சொல்லலாம் என்பதையும் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் அவருடைய தகவல்களை நீக்கிவிடுங்கள். வீட்டுக்குப் போய்விட்டார் என்றால் அந்தப் படிவத்தை என்ன செய்வது என்பதை நெறிமுறைக் குழுதான் சொல்ல வேண்டும். மருத்துவர் அல்லாத பொதுமக்களில் ஒருவரும் சட்டம் தெரிந்தவரும் அந்தக் குழுவில் இருப்பது இதற்காகத்தான். பயப்படாமல் எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கணக்கு எனக்கு எட்டிக்காய். புள்ளியியல் தெரியாமல் ஆய்வு செய்ய முடியுமா?
மாணவி, வாலாஜாபேட்டை

பதில்: முடியாது. ஆனால் நீங்கள் பயப்படும் அளவுக்கு வேண்டியதும் இல்லை. சதவீதம், சராசரி, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) ஆகிய மூன்றையும் முதலில் கணினி இல்லாமல் தாளில் போட்டுப் பழகுங்கள். பெரிய கணக்குகளைப் புள்ளியியல் தெரிந்தவரிடம் கேட்டுச் செய்யலாம். தரவு சேகரிக்கும் முன்பே கேட்க வேண்டும், சேகரித்து முடித்த பின்பு அல்ல. பி மதிப்பு, அதாவது உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரக்கூடிய வாய்ப்பு, 0.05க்குக் கீழே வந்ததும் வெற்றி என்று துள்ளாதீர்கள். முப்பதுக்கு 12 வாங்கியவர்கள் 13 வாங்கினாலும், ஆட்கள் எண்ணிக்கை போதிய அளவு இருந்தால் அப்படி வந்துவிடும். அந்த ஒரு மதிப்பெண்ணால் நோயாளிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

நம் தொழிலின் முன்னோடியே கணக்குப் போட்டவர்தான். கிரிமியப் போரில் காயத்தைவிட நோயால் இறந்த வீரர்களே அதிகம் என்பதை 1858இல் வண்ண வரைபடமாக வரைந்து அரசுக்குக் காட்டிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல், லண்டன் புள்ளியியல் சங்கத்தில் சேர்க்கப்பட்ட முதல் பெண். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வராமலே, இங்குள்ள படை முகாம்களுக்குக் கேள்விப் படிவங்களை அனுப்பி, குடிநீரும் கழிவுநீரும் எப்படி இருக்கின்றன என்று விசாரித்துத் தொகுத்தவரும் அவர். விளக்கேந்திய படத்தை மட்டும் நம் கல்லூரிச் சுவர்களில் மாட்டியிருக்கிறோம். அந்த வரைபடத்தையும் பக்கத்தில் மாட்டலாம்.

கேள்வி: ஆசிரியையின் ஆய்வுக்கு ஆறு மாதம் தகவல் சேகரித்தேன். கட்டுரை வெளிவந்தபோது கட்டுரையாசிரியர் வரிசையில் என் பெயர் இல்லை. நன்றி தெரிவிக்கும் பகுதியில்தான் இருந்தது. இது நியாயமா? நாங்களே பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுவதாக ஒரு இதழ் எழுதியிருக்கிறது. அங்கே அனுப்பலாமா?
மாணவி, ஆற்காடு

பதில்: மனம் வலிக்கும்தான். ஆனால் மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த விதிப்படி, கட்டுரையாசிரியராகப் பெயர் இடம்பெற நான்கும் வேண்டும்: ஆய்வைத் திட்டமிடுவதிலோ தரவிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியோ ஆழ்ந்து திருத்தியோ பங்களிப்பது, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தருவது, எழுதியதற்குப் பொறுப்பேற்பது. சேகரிப்பு மட்டும் என்றால் நன்றிப் பகுதிதான் உரிய இடம். உங்கள் ஆசிரியை தவறு செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தொடக்கத்திலேயே இதைச் சொல்லி, எழுதுவதிலும் உங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அடுத்த முறை முதல் நாளே கேளுங்கள். இதற்கு நேர்மாறாக, ஒன்றுமே செய்யாத ஒருவரின் பெயரை மரியாதைக்காகச் சேர்ப்பதும் அதே விதிப்படி தவறு.

ஒரே வாரத்தில் வெளியிடுகிறேன் என்பவர் படித்துப் பார்க்காமல் வெளியிடுகிறார் என்று பொருள். அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஆய்வேட்டைச் சமர்ப்பித்து மதிப்பெண்ணும் வாங்கிவிட்டோம். இனி அதை என்ன செய்வது?
நான்கு மாணவிகள், சத்துவாச்சாரி

பதில்: யாரிடமிருந்து வாங்கினீர்களோ அவர்களிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். நூறு பக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள். ஒரே பக்கத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்: என்ன கேட்டோம், என்ன கண்டோம், இனி என்ன செய்யலாம். வார்டு என்றால், காலை டியூட்டி மாறும் நேரத்தில் ஐந்து நிமிடம் தரச் சொல்லி சிஸ்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் தருவார்கள். கிராமம் என்றால் அங்கன்வாடி வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் நேரம் ஏற்றது. அங்கே யாருடைய விடையையும் அடையாளம் தெரியும்படி சொல்லிவிடாதீர்கள். சின்ன ஊரில் "ஒரு அம்மா இப்படிச் சொன்னாங்க" என்றாலே யார் என்று தெரிந்துவிடும்.

குடியாத்தம் மாணவிக்குச் சொன்ன தம்ளர் கணக்கை நானும் அப்படித்தான் கொண்டுபோனேன். வார்டு சிஸ்டர் என் தாளை நின்றுகொண்டே படித்தார். பிறகு டிரஸ்ஸிங் டிராலியிலிருந்து பிளாஸ்டரை எடுத்து ஒரு துண்டு கிழித்து, பாட்டியின் தம்ளரில் 200 மில்லி வரும் உயரத்தில் ஒட்டி, அதன்மேல் நீல மையால் ஒரு கோடு போட்டார். அன்று மாலைக்குள் தண்ணீர்க் கட்டுப்பாடு உள்ள எல்லோருடைய தம்ளரிலும் அப்படி ஒரு துண்டு ஒட்டியிருந்தது. கழுவும்போது பிளாஸ்டர் உரிந்துவிடும். புதிதாக ஒட்டும் வேலையை அந்த மாதம் முழுவதும் எனக்கே கொடுத்துவிட்டார்.